கல் பட்டறையின் பின்னறை மலை

கல் அறுக்கும் பட்டறைக்காரர் இறந்து, அவர் படுத்திருந்த இரும்புக் கட்டிலை வெளியே எடுத்துப் போட்ட வாரத்தில், கட்டில் கிடந்த இடத்தில் ஓர் எரிமலை முளைத்தது. அப்போது அது கவிழ்த்து வைத்த டம்ளர் உயரம்தான் இருந்தது. அறையைப் பெருக்க வந்த அவர் மனைவி அதைத் துடைப்பத்தால் தட்டிப் பார்த்தார். துடைப்பத்தின் நுனி கருகியது. யாரோ சிகரெட்டை அணைக்காமல் போட்டிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே, அதன் மேல் ஓர் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு மிச்ச அறையைப் பெருக்கி முடித்தார். மாலையில் வந்து பார்த்தபோது சட்டி உருகித் தரையோடு படிந்திருந்தது. நல்ல சட்டி அது. புருஷன் போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று தெருவில் பேசப்பட்ட பட்டறையம்மா, அந்தச் சட்டிக்காகத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

வீடும் பட்டறையும் ஒரே கட்டடம். தெருவைப் பார்த்த தகரக் கொட்டகையில் அறுப்பு மெஷின், அதன் பக்கத்தில் சாய்த்து நிறுத்திய கிரானைட் பலகைகள், அதைத் தாண்டினால் சமையலறை, நடு அறை, பின்னறை. பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் உடைசல் கல் கொட்டுகிற காலி மனை. சமையல் மேடை, படிக்கட்டு, வாசல் தளம், கதவோரம் பதிக்கும் பெயர்ப் பலகை எல்லாம் அங்கே செய்து தருவார்கள். அண்ணனான பட்டறைக்காரர் அறுப்பார். தம்பி பாலிஷ் போடுவார். தம்பியைப் பாலிஷ்காரர் என்றுதான் தெரு கூப்பிடும். அவர் தேய்த்து முடித்த கல்லில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனவர்கள் உண்டு.

கல் அறுக்கிற மெஷினைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. அதன் வட்ட பிளேடு கல்லைக் கத்திபோல வெட்டுவதில்லை. விளிம்பில் ஒட்டியிருக்கும் வைரத் துகள்கள் கல்லைச் சுரண்டி மாவாக்கிக்கொண்டே உள்ளே போகும். சுரண்டச் சுரண்ட பிளேடு சூடாகும். அதனால் மேலிருந்து ஒரு குழாய் எப்போதும் அதன்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீருக்கு இரண்டு வேலை. பிளேடைக் குளிர வைப்பது ஒன்று. பறக்கப் பார்க்கிற கல் மாவைப் பிடித்துச் சேறாக்கிக் கீழே தள்ளுவது இன்னொன்று. முதல் வேலை கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. மனிதர்கள் தெரிகிற வேலைக்குத்தான் மரியாதை கொடுப்பார்கள்.

சேறு வடிகாலில் போய் உறைந்தது. எதிர்ச் சாரியில் கடை வைத்திருந்த டெய்லர் மாதம் ஒருமுறை வந்து கத்துவார். "உங்க பட்டறையில அறுத்த கல்லு என் வாசல்ல வந்து மறுபடி கல்லாகுது. பாலிஷ் மட்டும் போட்டா போதும், நானே வித்துருவேன்" என்பார். ஒரு பெரிய கட்டடத்துக்குப் படிக்கட்டு செய்யும் வேலை வந்த வருஷம், சூடு தாங்கும் புது பிளேடு ஒன்று சந்தைக்கு வந்தது. இனி குளிர வைக்க வேண்டியதில்லை என்று அண்ணன் சொன்னார். தம்பி போய்க் குழாயின் வால்வை மூடினார். பலகை காய்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வேலை வேகமாக நடந்தது, வடிகால் சுத்தமானது. டெய்லர் நன்றிக்கு இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சட்டை தைத்துக் கொடுத்தார். தெருவில் எல்லோருக்கும் அது நல்ல காலமாக இருந்தது.

அந்த வருஷத்திலிருந்து பட்டறைக்காரர் கனக்க ஆரம்பித்தார். உடம்பு இளைத்துக்கொண்டுதான் போனது. கனம் மட்டும் ஏறியது. முதலில் பிளாஸ்டிக் நாற்காலி உடைந்தது, பிறகு மர நாற்காலி, பிறகு கட்டில். இரும்புக் கட்டில் வாங்கினார்கள். அவர் நடந்துபோன தரையில் ஈர மண்ணில் பதிகிற மாதிரி கால்தடம் விழுந்தது. பட்டறையம்மா அவற்றைச் சிமென்ட் பூசி நிரப்பிக்கொண்டே வந்தார். மூச்சு வாங்கியபோது எடுத்த படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெஞ்சுக்குள் இரண்டு வெள்ளைப் பலகைகள், ஓரம் சீவி, அளவெடுத்து வைத்ததுபோல. "மாவா உள்ள போனது அங்க போய்க் கல்லாயிருச்சு. கழுவ முடியாது" என்றார் டாக்டர். தண்ணீர் விட்டு அறுத்திருக்கலாமே என்றும் சொன்னார். பட்டறையம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பட்டறைக்காரர் இறந்தபோது பலகை தூக்குகிற சங்கிலிக் கப்பியைக் கட்டித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. கட்டில் இருந்த இடத்தில் தரை தட்டுபோலக் குழிந்திருந்தது. எடுத்த பிறகு அந்தக் குழி, ஆள் எழுந்துபோன மெத்தைபோல மெல்ல மேலே வந்தது. வந்த வேகத்தில் மட்டத்தைத் தாண்டியும் வந்தது.

பட்டறைக்காரருக்கு ஒரே மகள். அவள் வேறு ஊரில் பாறைகளை ஆராயும் வேலையில் இருந்தாள். கல் வீட்டில் பிறந்தவள் கல்லைப் பற்றிப் படித்ததில் அப்பாவுக்குப் பெருமை. ஆனால் அவள் படித்த கல்லை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதில் அவருக்கு ஒரு சின்ன வருத்தமும் இருந்தது. மலை முளைத்த செய்தி கேட்டு வந்தவள் பின்னறையில் மண்டியிட்டு, சுவரில், தரையில், மலையின் அடிவாரத்தில் கை வைத்துப் பார்த்தாள். டெய்லர் கதவருகில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அடியில யாரும்மா அடுப்பு மூட்டினது?"

"யாரும் மூட்டல மாமா. சூடு அங்க எப்பவும் இருக்கு. மேல இருந்த கனம்தான் போயிருச்சு."

அவள் விளக்கியது இதுதான். ஆழத்தில் பாறை மிகவும் சூடாக இருக்கிறது. ஆனாலும் உருகாது, ஏனென்றால் மேலே உள்ளதெல்லாம் சேர்ந்து அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. உருகினால் பாறை விரிந்தாக வேண்டும், விரிவதற்கு இடம் இல்லை. அழுத்தம் குறைந்தால், ஒரு பொட்டுச் சூடுகூட ஏறாமலே, அதே பாறை இளகிவிடும். கடலுக்கு அடியில் நிலத்தட்டுகள் இரண்டாகப் பிரிந்து விலகுகிற இடங்களில் இப்படித்தான் ஓயாமல் பாறைக்குழம்பு உண்டாகிறது. அப்பா பல வருஷம் ஒரே இடத்தில் கனத்துக்கொண்டே படுத்திருந்தார். ஒரே நாளில் தூக்கிவிட்டோம். அதனால் உருகியது. பாறை உருக இன்னும் இரண்டு வழிகள் உண்டு என்றாள். ஒன்று, மிக ஆழத்திலிருந்து ஒரு சூட்டுத் தூண் எழும்பி வருவது. அந்தத் தூண் அங்கேயே நிற்கும், மேலே நிலம் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும், வரிசையாக ஒவ்வோர் இடமாகப் பொத்துக்கொண்டு வரும். டெய்லருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அடுத்தது எதிர்ச் சாரியா என்று கேட்டார். நிலம் நகர்வது நகம் வளர்கிற வேகத்தில்தான் என்று அவள் சொன்னதும் சமாதானமானார். "நகம் வளர்ற வேகமா? என் கஸ்டமருக்கு நான் துணி குடுக்கிற வேகம் அது. பார்த்துக்கலாம்." மூன்றாவது வழி என்ன என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மகளும் விடுப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டாள்.

முதல் வருஷம் மலை சாதுவாக இருந்தது. அதிலிருந்து வந்த குழம்பு கறுப்பாக, தார்போலத் தண்ணியாக, அவசரமில்லாமல் ஒழுகி வந்து அறையில் பரவி உறைந்தது. உறைந்ததன் மேல் இன்னொன்று ஒழுகியது. அப்படி வளர்கிற மலை செங்குத்தாக எழும்பாது; கேடயத்தைக் கவிழ்த்துப் போட்டதுபோல அகலமாக, தாழ்வாகக் கிடக்கும். ஏறி நடக்கலாம், நடந்தார்கள். பட்டறையம்மா அதன் சரிவில் மழைக்காலத்துத் துணிகளை உலர்த்தினார். அடிவாரத்தில் வைத்தால் குளிக்கத் தண்ணீர் காய்ந்தது. டெய்லர் தன் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து உச்சியருகில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு போனார்.

பாலிஷ்காரருக்குத் தொழில் புத்தி போகவில்லை. உறைந்த கறுப்புக் கல்லில் ஒரு துண்டைத் தேய்த்துப் பார்த்தார். பளபளப்பு வந்தது, ஆனால் உள்ளே பொடிமணி எதுவும் தெரியவில்லை. கொட்டகையில் இருந்த கிரானைட்டிலோ கண்ணால் எண்ணக்கூடிய மணிகள் இருந்தன, வெள்ளை, சாம்பல், ரோஸ் என்று. இரண்டும் நெருப்பில் பிறந்த கல்தான். கிரானைட் வெளியே வராமல் ஆழத்திலேயே தங்கி, யுகக்கணக்கில் மெதுவாக ஆறியது. அதனால் மணிகள் வளர நேரம் கிடைத்தது. இது வெளியே வந்து சட்டென்று ஆறியதால் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே நின்றுவிட்டன. தெருவில் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது அதற்குப் பிறகு இந்தக் கணக்கு அடிக்கடி அடிபட்டது. வெளியே கொட்டித் தீர்ப்பவர்களைக் கறுப்புக் கல் என்றும், உள்ளேயே வைத்திருப்பவர்களைக் கிரானைட் என்றும் சொன்னார்கள். பட்டறையம்மா கிரானைட் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை.

அவர் கொழுந்தனாரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சண்டை எதுவும் நடக்கவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நேராகப் பேசவில்லை, அவ்வளவுதான். சாப்பாடு வேளை தவறாமல் வந்தது. "சாப்பாடு ஆறுது" என்று கதவிடம் சொல்வார். "சாவி ஆணியில இருக்கு" என்று சுவரிடம் சொல்வார். பாலிஷ்காரரும் கதவுக்கும் சுவருக்கும் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வால்வை மூடச் சொன்னது அண்ணன். மூடிய கை தம்பியுடையது. சொன்னவர் போய்விட்டார், கை இருக்கிறது. இந்த விஷயம் தெருவுக்கே தெரியும்.

ஒருநாள் மலையின் பக்கவாட்டில் விரிசல் விட்டு, உள்ளே செக்கச் செவேலென்று தெரிந்தது. கல் வேலை செய்கிறவர்களுக்குச் சூட்டைக் கண்டால் கை தானாகத் தண்ணீரைத் தேடும். தச்சரோ கொல்லரோ அந்த வீட்டில் இருந்திருந்தால் மண்ணைப் போட்டிருப்பார்கள், அல்லது ஓடியிருப்பார்கள். பாலிஷ்காரர் கொட்டகைக்குப் போய், பல வருஷமாகத் திறக்காத வால்வைத் திறந்தார். துருத் தண்ணீர் வந்து, பிறகு நல்ல தண்ணீர் வந்தது. குழாயை இழுத்துக்கொண்டு வந்து விரிசலில் விட்டார். மலை சீறியது, ஆவி கக்கியது, அடங்கியது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பட்டறையம்மா சுவரைப் பார்த்துச் சொன்னார்: "உயிரோட இருந்தப்ப ஊத்தல. இப்பவாவது ஊத்தட்டும்."

பாலிஷ்காரருக்கு அது கட்டளையாகிவிட்டது. காலையில் குழாயை மலைமேல் போட்டால் மாலை வரை ஓடும். பட்டறைக்கு வருகிற தண்ணீர்க் குழாய் ஒன்றே ஒன்று. மலைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பிளேடுக்குக் கிடையாது. அண்ணன் போன பிறகு அறுப்பதும் அவர்தான், பாலிஷும் அவர்தான். உள்ளே மலைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, வெளியே வந்து உலர்ந்த கல்லை உலர்ந்த பிளேடால் அறுத்தார்.

தண்ணீர் மேலே அணைத்தது உண்மை. ஆனால் ஆவியானது கொஞ்சம், விரிசல் வழியே உள்ளே இறங்கியது நிறைய. அன்றைக்கு யாரும் கேட்காமல் விட்ட மூன்றாவது வழி அதுதான். கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் நுழையும்போது நனைந்த பாறையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. ஆழத்தில் அந்த ஈரம் வெளிப்பட்டுச் சூட்டுப் பாறைக்குள் ஊறும். ஊறினால், பாறைக்குள் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். உருகாமல் தாக்குப்பிடித்த பாறை, அதே சூட்டில் உருகத் தொடங்கும். அப்படி உண்டாகிற குழம்பு முந்தையது மாதிரி சாதுவாக இருப்பதில்லை. தண்ணீர் அதற்குள் ஆவியாக அடைபட்டிருக்கும், வெளியே வர வழி பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் வருஷத்தில் மலையின் நிறம் மாறியது. கறுப்பு போய் சாம்பலானது, ஒழுகியது போய் பிதுங்கியது. ஒருநாள் குழம்பு, மறுநாள் சாம்பல், மறுபடி குழம்பு என்று அடுக்கடுக்காகப் படிந்து, அகலமாகக் கிடந்தது செங்குத்தாக எழுந்தது. அடுக்கு மலைகள் அப்படித்தான் எழும்பும். தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருப்பவை அவைதான், பக்கத்தில் இருக்கக் கூடாதவையும் அவைதான். கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதாயிற்று. சில நாள் உச்சியிலிருந்து நுரைக்கல் தெறித்து வந்து துணி துவைக்கும் தொட்டியில் விழுந்து மிதந்தது. காற்றுக் குமிழிகள் நிறைந்த கல், தண்ணீரைவிட லேசானது. பட்டறையம்மா அதைப் பிடித்துக் குதிகால் தேய்த்தார். சாம்பல்தான் தொல்லையாக இருந்தது. தெரு முழுக்க, அண்ணன் காலத்துக் கல் மாவுபோலவே மெல்லிசாக, வெளுப்பாகப் படிந்தது. டெய்லர் கறுப்புத் துணி தைப்பதை நிறுத்திவிட்டு நகரசபைக்குச் சொல்லி அனுப்பினார்.

நகரசபை அதிகாரி வந்து தலையை அண்ணாந்து பார்த்தார். அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடியா என்பதுதான் அவர் கேள்வி. சுற்றி வந்து யோசித்தார். கூரை இல்லாததால் இதைக் கட்டடம் என்று சொல்ல முடியாது, அஸ்திவாரம் மட்டும் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்றார். சொந்தச் சுவருக்குள் இருக்கிறவரை அவர் இலாகாவுக்கு இதில் வேலை இல்லை. "சாம்பலை மட்டும் வடிகால்ல தள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் வருஷம் மலை மௌனமானது. உச்சியில் கூழ்போல ஒரு குழம்பு பிதுங்கி, ஒழுகாமல் அங்கேயே குமிழாக உப்பி உறைந்து, வாயை அடைத்துக்கொண்டது. புகை நின்றது, சாம்பல் நின்றது. தெரு நிம்மதியடைந்தது. டெய்லர் மறுபடி கறுப்புத் துணி வாங்கினார். தண்ணீர் ஊற்றியது வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பாலிஷ்காரருக்கு அந்த மாதத்திலிருந்து படி ஏறினால் மூச்சு நின்று நின்று வந்தது. பேசும்போது பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். மலை அடங்கிய சந்தோஷத்தில் அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தது விடுப்பில் வந்த மகள். வந்ததும் பின்னறைக்குத்தான் போனாள். மலையைப் பார்க்கவில்லை, அதன் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். காலி மனைப் பக்கம் சுவர் வயிறு தள்ளி நின்றது. சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு இழுக்கும்போது சுவர் ஒரு நூல் முன்னே வந்தது. அவர் விட முயன்றபோது உள்ளே ஏதோ முனகியது.

"அம்மா, அந்தக் குழாயை நிறுத்துங்க."

"உங்கப்பா ஏன் செத்தார்?"

"அம்மா..."

"தண்ணி ஊத்தலன்னுதான செத்தார்? டாக்டர் சொன்னாரா இல்லியா? இப்ப நீ வந்து ஊத்தாதேங்கிற. படிச்சவங்க பேச்சு, ஆளுக்கு ஒண்ணு."

"பிளேடுக்கு ஊத்தணும்மா. மலைக்கு இல்ல. பிளேடு தூசியைக் கிளப்புது, அதைத் தண்ணி பிடிக்கும். மலையில தண்ணிதான் வெடிமருந்து."

மகள் பொறுமையாகச் சொன்னாள். குழம்பு தண்ணியாக இருந்தால் உள்ளே இருக்கும் ஆவி, கொதிக்கும் நீரில் குமிழி வருவதுபோல வெளியே போய்விடும். கெட்டியாக இருந்தால், அடுப்பில் பசை காய்ச்சுகிறபோது நடப்பதுதான். குமிழி வெளியே வர முடியாமல் உப்பி, மூஞ்சியில் தெறிக்கும். கெட்டியாக்குவது சிலிக்கா, கல்லில் இருக்கிற மணல் சத்து. அதன் துகள்கள் கைகோத்துச் சங்கிலியாகும், ஒன்றையொன்று நகர விடாது. அப்பா நெஞ்சில் உறைந்ததும் சித்தப்பா தினமும் அறுக்கும்போது பறக்கிறதும் அதே சரக்குதான். கொட்டகையில் கிளம்பும் தூசியில் பெரும்பகுதியை இந்த மலை இழுத்துக்கொள்கிறது, மிச்சம் சித்தப்பாவுக்குள் போகிறது. இரண்டும் ஒன்றாகத்தான் அடைத்திருக்கின்றன. ஒன்று வெடித்தால் இன்னொன்றும் வெடிக்கும்.

"உன் சித்தப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, சளி" என்றார் பட்டறையம்மா சுவரைப் பார்த்து.

"ஆமா அண்ணி... சளிதான்" என்றார் பாலிஷ்காரர், அதே சுவரைப் பார்த்து. "தண்ணி... நிக்கக் கூடாதும்மா. ஊத்தறேன்னுதான்... நான் உயிரோட இருக்கேன்."

மகள் அழுதுவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். பட்டறையம்மா சாப்பாடு எடுத்துவைக்கத் திரும்பினார். பாலிஷ்காரர் குழாயைச் சரிசெய்ய நாற்காலியிலிருந்து எழுந்து போனார். காலியான நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போடலாம் என்று பட்டறையம்மா இழுத்தார். அது வரவில்லை. குனிந்து பார்த்தார். நாலு காலும் தரைக்குள் இறங்கியிருந்தன. அங்கிருந்து மலை வரைக்கும், மலையிலிருந்து கொட்டகை வரைக்கும், அவர் சிமென்ட் பூசாத புதுக் கால்தடங்கள் ஆழமாகப் போயின. அவற்றின் அளவு அவர் புருஷனுடையதைவிடச் சிறியது.

அவர் அந்தத் தடத்தில் தன் பாதத்தை வைத்துப் பார்த்தார். அவர் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது கல் பெயர்களெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் கொழுந்தனார். அண்ணன் கோபித்தால் நடுவில் புகுந்து நின்றவர். பிறகு பட்டறையம்மா நேராக மலைக்குப் போய், சுடுகிற குழாயை முந்தானையால் பிடித்து உருவினார். வீடு முழுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டு கொட்டகை வரை இழுத்து வந்து, அறுப்பு மெஷினின் மேல் பழைய கொக்கியில் மாட்டினார். தண்ணீர் பிளேடில் விழுந்தது.

"தம்பி" என்றார். இத்தனை வருஷத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அதுதான். "உங்களுக்கும் கப்பி கட்ட என்னால ஆகாது. இனிமே தண்ணி இல்லாம கல்லைத் தொட்டீங்கன்னா, கையை ஒடிச்சிருவேன்."

பாலிஷ்காரர் கதவைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் அவரையே பார்த்து, "சரி அண்ணி" என்றார். எதிர்ச் சாரியில் டெய்லர் தையல் மெஷினை நிறுத்தியே விட்டார்.

தண்ணீர் நின்றதால் மலைக்குள் புது ஆவி சேராது. ஆனால் சேர்ந்தது போகாது. வாய் அடைத்திருக்கிறது, சுவர் தள்ளுகிறது. சுவர் தானாக விழுந்தால் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது என்றாள் மகள். கொட்டகைப் பக்கம் திரும்பினால் தெருவே போய்விடும். காலி மனைப் பக்கம் நாமே வழி திறந்தால், அழுத்தம் சட்டென்று குறைந்து, மூடி திறந்த சோடாபோல எல்லாம் அந்த வழியே போய்விடும். திறக்கிற ஆள் மட்டும் அந்த வழியில் நிற்கக் கூடாது. அந்தச் சுவர் அண்ணன் தம்பி இருவரும் மிச்சக் கிரானைட்டில் கட்டியது. எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்பது இப்போது உயிரோடிருப்பவர்களில் பாலிஷ்காரருக்கு மட்டும் தெரியும்.

கை மெஷினுக்குத் தண்ணீர்க் குழாயைக் கட்டிக்கொண்டு மறுநாள் மதியம் அவர் காலி மனைப் பக்கமிருந்து அறுக்க ஆரம்பித்தார். தெருவைக் காலி செய்தாயிற்று. டெய்லர் மட்டும் கறுப்புத் துணிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு முனையில் நின்றார். பட்டறையம்மா போகவில்லை, குழாயைப் பிடித்துக்கொண்டு கொழுந்தனார் பின்னாலேயே நின்றார். ஒரு பொட்டுத் தூசி பறக்கவில்லை. சாம்பல் நிறச் சேறு இருவர் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது. அறுக்க அறுக்க அவருக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் மெஷினை இறக்கிவைத்து நின்றார். நின்றபோதெல்லாம் சுவரும் தள்ளாமல் நின்றது. "அவசரமில்ல தம்பி, மெதுவா" என்றார் பட்டறையம்மா. கீழ் வரிசையில் ஒரே ஒரு கல் எல்லாவற்றையும் தாங்குமாறு விட்டுவிட்டு, அதையும் பாதி வரை அறுத்து, மெஷினைப் போட்டுவிட்டு இருவரும் பக்கவாட்டில் நடந்தார்கள். அவரால் ஓட முடியாது. ஓடினால் கால் தரையில் புதையும். பட்டறையம்மா அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அந்தக் கனத்தை அவர் எப்படித் தாங்கினார் என்று தெரியவில்லை. பழக்கமாக இருக்கலாம்.

பாதி அறுபட்ட கல் அவர்கள் மூலை திரும்பிய பிறகுதான் முறிந்தது. மலை பக்கவாட்டில் திறந்துகொண்டது. சத்தம் பெரிதாக இருந்தது என்று சொல்வதைத் தவிர வேறு சொல்ல எதுவும் இல்லை. காலி மனையில் உடைசல் கல் ஒன்றும் மிஞ்சவில்லை. மனை முழுக்க நுரைக்கல்லும், ஆற நேரமே கிடைக்காததால் மணி கட்டாமல் கறுப்புக் கண்ணாடியாக உறைந்த கல்லும் கிடந்தன. அதே நேரத்தில் மூலையில் குந்தியிருந்த பாலிஷ்காரருக்கு ஓர் இருமல் வந்தது. நீளமான இருமல். இருமி இருமிக் கைக்குட்டையில் ஒரு சின்ன நுரைக்கல்லைத் துப்பினார். மகள் அதை எடுத்துத் தொட்டியில் போட்டாள். மிதந்தது. நெஞ்சுக்குள் இருந்த பலகை அப்படியேதான் இருந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து அதைச் சொன்னார். ஆனால் அடைப்பு விட்டுவிட்டது. பாதி மூச்சு திரும்பி வந்தது. மீதிப் பாதி வரவில்லை, வரவும் வராது.

அதற்குப் பிறகு வருஷங்கள் போய்விட்டன. சுவரை மறுபடி கட்டவில்லை. மலை காலி மனையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு, தாழ்ந்து, உட்கார்ந்திருக்கிறது. பட்டறை ஓடுகிறது, பிளேடில் தண்ணீர் விழுகிறது, வடிகால் அடைத்துக்கொள்கிறது. டெய்லர் மாதம் ஒருமுறை தானே கம்பி எடுத்து வந்து குத்திவிட்டுப் போகிறார், கத்துவதில்லை. பாலிஷ்காரர் அறுப்பதில்லை, உட்கார்ந்தபடி பாலிஷ் மட்டும் போடுகிறார். அவர் மூச்சு விடும்போது மலை ஒரு சின்னப் புகையை விடுகிறது. அவர் இழுக்கும்போது அது நிற்கிறது. அவர் தூங்கினால் புகை நீளமாக வரும், கோபப்பட்டால் குட்டை குட்டையாக வரும். அவர் உடம்பு எப்படி என்று யாரும் விசாரிப்பதில்லை; அண்ணாந்து பார்த்தால் போதும். அவருக்கும் இரும்புக் கட்டில்தான். அது கிடக்கிற இடத்தில் தரை லேசாகக் குழிந்திருக்கிறது. என்றைக்காவது அதைத் தூக்க வேண்டி வரும் என்பதும், தூக்கிய பிறகு என்ன முளைக்கும் என்பதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த அறையில் அலுமினியப் பாத்திரம் எதையும் வைப்பதில்லை.

தெருவுக்குப் புதிதாகக் குடி வந்த ஒரு பெண், இப்படி ஒன்றைப் பின்னால் வைத்துக்கொண்டு எப்படிப் பயமில்லாமல் இருக்கிறீர்கள் அக்கா என்று பட்டறையம்மாவிடம் கேட்டாள். அவர் மலைச்சரிவில் துணியை உதறிப் போட்டுக்கொண்டே, "புகை வர்ற வரைக்கும் என்னம்மா பயம்?" என்றார்.

மதியத்தில் பிளேடு நிற்கிற வேளையில் தெரு அமைதியாகிவிடும். அப்போது சில நாள் இரண்டு புகைக்கு நடுவில் இடைவெளி கொஞ்சம் நீண்டுவிடுவதுண்டு. சமையலறையில் கரண்டிச் சத்தம் நிற்கும். எதிர்ச் சாரியில் டெய்லரின் கால் பெடலின் மேல் அப்படியே நிற்கும். பிறகு கூரைக்கு மேலே ஒரு சின்னப் புகை எழும்பும். தையல் மெஷின் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும்.